ஒரு ஆறு, ரெண்டு மொழி, மூணு நகராட்சி

நியூ ஆர்லியன்ஸ்னு சொன்னா இன்னைக்கு எல்லாருக்கும் ஞாபகம் வர்றது 2005-ல அடிச்ச கத்ரீனா புயல்தான். எனக்கு அந்த ஊரோட வெள்ளக் கதையில மனசை விட்டுப் போகாதது அதுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தி, 1849 மே மாசம் மிசிசிப்பி எடுத்த ஒரு உடைப்பு. அப்போ அது ஒரே ஊரா இல்ல. சட்டம் போட்டு மூணு நகராட்சியா வெட்டி வச்சிருந்தாங்க, ஒவ்வொண்ணுக்கும் தனி கவுன்சில், தனி கஜானா, தனி கடன். வெட்டுன கோடு கிட்டத்தட்ட பிரெஞ்சு பேசறவங்களுக்கும் இங்கிலீஷ் பேசறவங்களுக்கும் நடுவுல ஓடுச்சு. வெள்ளம் வந்தப்ப அந்தக் கோடு என்ன பண்ணுச்சுன்னு எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்.

முதல்ல தரையைப் பத்திச் சொல்லணும், அது புரியலன்னா மத்தது எதுவும் புரியாது. மிசிசிப்பி வருஷா வருஷம் கரை மீறி வந்து வண்டலைக் கொட்டிக் கொட்டியே தன் ரெண்டு பக்கமும் மேடு கட்டிக்கிட்ட ஆறு. கனமான மண்ணு முதல்ல படியும், அதனால ஆத்தை ஒட்டின இடம்தான் உசரம், பத்துப் பன்னெண்டு அடி இருக்கும். அங்கிருந்து பின்னால போகப் போக சரிஞ்சுக்கிட்டே போய் சதுப்புக் காட்டுல இறங்கும், அதுக்கும் அந்தப் பக்கம் அஞ்சு மைல் தள்ளி பான்சார்ட்ரெயின் ஏரி. மொத்தத்துல விளிம்பு உசந்த தாம்பாளம் மாதிரி ஒரு நிலம், நாங்க ஊர்ல பாத்த ஆறெல்லாம் பள்ளத்துல ஓடும், இங்க ஆறு மேட்டுல ஓடுது. 1718-ல பியன்வில் ஊரை நட்டப்ப அந்த மேட்டு விளிம்புலதான் நட்டார், இன்னைக்கு டூரிஸ்ட்டுங்க சுத்துற பிரெஞ்சு குவார்ட்டர் அதுதான்.

அதனால பயம் பூரா முன்பக்கத்து ஆத்து மேலயே இருந்துச்சு, ஆனா ஆபத்து வந்த வழி வேற. ஊருக்கு மேல, அதாவது ஆறு வர்ற பக்கம், எங்கயோ பல மைல் தள்ளி ஒரு தோட்டக்காரன் நிலத்துல கரை உடைஞ்சா, தண்ணி நேரா ஆத்தோரமா வராது, சரிவுல இறங்கி சதுப்புக்குப் போய், அங்கயே தேங்கி, மெதுவா ஊரோட முதுகுப் பக்கத்துல ஏறும். 1816-ல மக்கார்ட்டியோட தோட்டத்துல உடைஞ்சப்ப இப்படித்தான் நடந்துச்சு. ஆத்தோரத்துப் பணக்காரங்க வீடு காய்ஞ்சு கிடக்கும், பின்னால மலிவு நிலத்துல குடிசை போட்டவங்க வீட்டுல இடுப்பளவு தண்ணி நிக்கும்.

கரை கட்டுறது யார் வேலை? பிரெஞ்சுக்காரங்க காலத்துலயே இதுக்கு ஒரு விதி வந்துருச்சு, ஆத்தோரம் நிலம் வச்சிருக்கிறவன் தன் நிலத்து முன்னாடி தானே கரை கட்டணும், 1744 ஜனவரி 1-க்குள்ள கட்டி முடிக்கலன்னா நிலமே போயிடும்னு 1743-ல உத்தரவு. "தானே கட்டணும்"னு எழுதியிருந்தாலும் மண் சுமந்தது அவன் இல்ல, ஆப்பிரிக்காவுல இருந்து பிடிச்சுக் கொண்டு வரப்பட்ட அடிமைகள். அந்த ஊர்க் கரைகளைப் பத்தி யார் எழுதினாலும் இதை ஓரத்துல தள்ளக் கூடாது, முதல் நூத்தி நாப்பது வருஷத்துக் கரை பெரும்பாலும் அவங்க உழைப்பு.

1803-ல நெப்போலியன் லூசியானாவை அமெரிக்காவுக்கு வித்தான். ஊர்ல இருந்தவங்க கிரியோல்கள், அங்கயே பிறந்த பிரெஞ்சு, ஸ்பானிஷ் வழிக்காரங்க, கூடவே சுதந்திரமா வாழ்ந்த கறுப்பு, கலப்பினக் குடும்பங்களும் நிறைய. வீட்டுல, கோர்ட்டுல, சந்தையில எல்லாம் பிரெஞ்சு. மேல இருந்து வந்த புது ஆளுங்க பேசுனது இங்கிலீஷ், அவங்க குவார்ட்டருக்கு மேல்பக்கம் ஃபோபுர் செயின்ட் மேரின்ற புது பேட்டையில குடியேறுனாங்க. ரெண்டுக்கும் நடுவுல கனால் ஸ்ட்ரீட். பிரெஞ்சு சீக்கிரம் கரைஞ்சு போயிருக்கும்னு நினைப்போம், ஆனா ஹெய்தி புரட்சியில தப்பிச்சு கியூபாவுல தங்கியிருந்த 9,000-க்கும் மேல பிரெஞ்சு பேசற மக்கள் 1809-10-ல வந்து இறங்கி ஊரையே கிட்டத்தட்ட ரெண்டு மடங்காக்கிட்டாங்க. அதனால இழுபறி இன்னும் ரெண்டு தலைமுறைக்கு நீண்டுச்சு.

முதல் பெரிய சண்டையே ஆத்துப் படுகையில வெடிச்சதுதான். செயின்ட் மேரி பேட்டைக்கு முன்னாடி ஆறு மண்ணைத் தள்ளித் தள்ளி புதுப் படுகை உருவாகிக்கிட்டே இருந்துச்சு. ஊர் ஜனங்க காலங்காலமா அங்க மண்ணு வெட்டித்தான் தெருவை மேடாக்குவாங்க, கரைக்குப் போடுவாங்க, படகு கட்டுவாங்க. அது எல்லாருக்கும் பொதுன்றது பிரெஞ்சு, ஸ்பானிஷ் சட்டத்துல ஊறுன அவங்க நினைப்பு. நியூயார்க்குல மேயரா இருந்துட்டு வந்த வக்கீல் எட்வர்ட் லிவிங்ஸ்டன், ஜான் கிராவியேன்ற நிலக்காரர் சார்பா கேஸ் போட்டு, படுகை தனியார் சொத்துன்னு 1807-ல தீர்ப்பு வாங்கி, தன் பங்குக்குக் கிடைச்ச இடத்துல ஆளுங்களை வச்சு வேலை ஆரம்பிச்சுட்டார். ஜனங்க கூட்டமா வந்து வேலைக்காரங்களை விரட்டுனாங்க, மறுபடி வந்தா மறுபடி விரட்டுனாங்க. ஊர்த் தரப்புல பிரான்ஸ்ல பிறந்த வக்கீல் பியேர் டெர்பின்யி வாதாடுனார். படுகையில கட்டுனா ஆத்தோட போக்கு திரும்பி வேற இடத்துல கரையை அரிக்கும்ன்ற பயமும் அந்த வாதத்துல இருந்துச்சு. கடைசியில ஜனாதிபதி ஜெஃபர்சன் வரைக்கும் போய், 1808 ஜனவரியில மார்ஷல் வந்து லிவிங்ஸ்டனோட ஆளுங்களை வெளியேத்துனார். அதுக்கப்புறமும் கேஸ் வருஷக்கணக்குல இழுத்துச்சு.

எனக்கு இதுல முக்கியமாப் படறது, கரைக்கு மண்ணு எங்கிருந்து எடுக்கறதுன்ற சாதாரண மராமத்துக் கேள்விக்கு ரெண்டு மொழியில ரெண்டு பதில் இருந்துச்சுன்றதுதான். ஒரு மொழியோட சட்டப் புத்தகத்துல ஆத்தங்கரை ஊருக்குப் பொது, இன்னொண்ணோட பழக்கத்துல அது வித்து வாங்குற சொத்து. பிரெஞ்சு சட்டத்தோட அந்த நினைப்பு முழுசா சாகவும் இல்ல. லூசியானா சிவில் சட்டத்துல இன்னைக்கும் ஆத்தோர நிலம் பூராவும் கரை கட்டுறதுக்கான பொது உரிமைக்குக் கட்டுப்பட்டதுதான். அந்த ஊருக்கு பிரெஞ்சு விட்டுட்டுப் போனதுல சாப்பாட்டைவிட இது பெரிய சொத்துன்னு நான் நினைக்கிறேன்.

1836-க்கு வருவோம். அதுவரைக்கும் ஒரே நகரசபை, அதுல கிரியோல்கள் கை ஓங்கியிருந்துச்சு. அமெரிக்க வியாபாரிங்களோட குறை என்னன்னா, எங்க பேட்டையில வரி வசூல் ஆகுது, மேல இருந்து வர்ற படகெல்லாம் எங்க பக்கம்தான் நிக்குது, ஆனா காசெல்லாம் குவார்ட்டர் தெருவுக்கும் குவார்ட்டர் படித்துறைக்கும்தான் போகுது, எங்க துறையில சேறுதான் மிச்சம். இதுல நியாயம் இருந்துச்சு. சாமுவேல் பீட்டர்ஸ் மாதிரி ஆளுங்க முன்னால நின்னு மாநில சட்டசபையைப் பிடிச்சாங்க, 1836 மார்ச்ல ஊரை மூணாப் பிரிச்சு சட்டம் வந்துருச்சு. குவார்ட்டர் முதல் நகராட்சி. கனால் ஸ்ட்ரீட்டுக்கு மேல இங்கிலீஷ் பேசறவங்க பேட்டை ரெண்டாவது. எஸ்பிளனேடு தெருவுக்குக் கீழ மாரினி பக்கம் கிரியோல்களும் புதுசா வந்த குடியேறிகளும் இருந்த இடம் மூணாவது. பேருக்கு ஒரே மேயர். மூணு கவுன்சிலும் சேர்ந்து உக்கார்றது வருஷத்துக்கு ஒரு தடவை.

படித்துறை வருமானம், தெரு, பள்ளிக்கூடம், தன் முன்னாடி இருக்கற கரை, எல்லாம் அவங்கவங்க பொறுப்பு. இந்த ஏற்பாட்டுல எல்லாரோட கண்ணும் ஆத்துப் பக்கமே திரும்பிருச்சு, ஏன்னா அங்கதான் காசு. கப்பல் வந்து நின்னா கட்டணம், துறைக்கு வாடகை. மூணு நகராட்சியும் போட்டி போட்டுத் துறையை நீட்டுச்சு, பலகை அடிச்சுச்சு. ரெண்டாவது நகராட்சி வேகமா வளந்துச்சு, 1840 கணக்கெடுப்புல மொத்த ஊரும் ஒரு லட்சத்தைத் தாண்டி நாட்டுலயே மூணாவது பெரிய நகரம் ஆச்சு. பின்பக்கத்துச் சதுப்பு? அங்க வரி கிடையாது, வாடகை கிடையாது, ஓட்டும் அதிகம் கிடையாது. வடிகாலுக்குன்னு 1835-ல ஒரு கம்பெனிக்கு அனுமதி கொடுத்து, ஜார்ஜ் டன்பார்ன்ற இன்ஜினியர் ஊர் முழுக்க சேத்துப் பாத்து ஒரு திட்டமும் போட்டிருந்தார். 1837 நிதி நெருக்கடியில அந்தக் கம்பெனி படுத்துருச்சு, அதைத் தூக்கி நிறுத்த வேண்டிய ஒரே நகரசபைன்னு ஒண்ணும் அப்போ இல்ல.

கால்வாய்கள் கதையும் இதே கதைதான். ஸ்பானிஷ் கவர்னர் கரோண்டலே 1790-கள்ல வெட்டுன கால்வாய் குவார்ட்டருக்குப் பின்னால இருந்து பேயூ செயின்ட் ஜான்ன்ற ஓடை வழியா ஏரிக்குப் போகும், அது கிரியோல் பக்கத்து வியாபார வழி. அமெரிக்கப் பக்கம் அதுக்குப் போட்டியா 1831-ல ஒரு பேங்க்கையே ஆரம்பிச்சுச்சு, நியூ ஆர்லியன்ஸ் கனால் அண்ட் பேங்கிங் கம்பெனி. நியூ பேசின் கால்வாய்ன்னு வேற ஒண்ணை 1832-ல இருந்து 1838 வரைக்கும் வெட்டுனாங்க. வெட்டுனது அயர்லாந்துல இருந்து கப்பல்ல வந்த கூலிங்க. மஞ்சள் காய்ச்சல்லயும் காலராவுலயும் ஆயிரக்கணக்குல செத்தாங்க, சரியா எத்தனை பேருன்னு யாரும் எழுதி வைக்கல, பல பேரை வெட்டுன மண்ணுலயே புதைச்சாங்க. அடிமை செத்தா முதலாளிக்கு நஷ்டம், ஐரிஷ்காரன் செத்தா இன்னொரு ஐரிஷ்காரன் வருவான், இதுதான் அன்னைக்குக் கணக்கு.

ஆக பின்பக்கத்துச் சதுப்புல ரெண்டு கால்வாய், ரெண்டுக்கும் ரெண்டு பக்கமும் வெட்டிப் போட்ட மண் கரை, ரெண்டும் ஏரியைப் பாத்து ஓடுது. வெள்ளத்தை நினைச்சு யாரும் அந்தக் கரைகளைப் போடல. ஆனா சதுப்பை அது பாத்தி பாத்தியாப் பிரிச்சுருச்சு.

1849 மே 3. ஊருக்கு 17 மைல் மேல, இப்போ ரிவர் ரிட்ஜ்னு சொல்ற இடத்துல, பியேர் சோவேன்றவரோட தோட்டத்துல கரை உடைஞ்சுச்சு. அது மூணு நகராட்சியில எதோட எல்லையும் இல்ல, அடுத்த மாவட்டமான ஜெஃபர்சன் பாரிஷ். அந்தக் கரையைப் பாத்துக்க வேண்டியது தோட்டக்காரர், ஊருக்கு அதுல எந்த அதிகாரமும் கிடையாது. ஒரு வாரத்துக்குள்ள தண்ணி சதுப்பு வழியா ஊரோட மேல் எல்லைக்கு வந்துருச்சு. மாசத்து நடுவுல நியூ பேசின் கால்வாய்க் கரையைத் தாண்டிருச்சு. தெரு தெருவா ஏறி மே 30-ல உச்சம் தொட்டப்ப சுமார் 220 பிளாக் தண்ணிக்குள்ள, 12,000 பேர் வீட்டை விட்டு வெளிய. அதுல பெரும்பாலும் பின்பக்கத்து ஐரிஷ், ஜெர்மன் குடியேறிகள், கறுப்பு மக்கள். அந்தச் சமயம் காலரா வேற. ஆத்தோரத்துல வியாபாரம் நடந்துக்கிட்டே இருந்துச்சு.

தண்ணி எங்க நின்னுச்சுன்னு கவனிக்கணும். கரோண்டலே கால்வாயோட கீழ்க்கரையில. அதுக்குக் கீழ இருந்த கிரியோல் பேட்டைகளை அந்தக் கரை காப்பாத்துச்சு, அதே கரை மேல இருந்தவங்களுக்குத் தண்ணி வடிய விடாத சுவராச்சு. முதல் நகராட்சிக்குள்ளயே பாதி மூழ்கி பாதி தப்பிச்சுச்சு. உடைப்பை அடைக்க ஜூன் 20 வரைக்கும் ஆச்சு, கட்டையை வரிசையா அடிச்சு, மணல் மூட்டையைக் கொட்டிக் கொட்டி, கிட்டத்தட்ட 7 வாரம்.

மொழிதான் வெள்ளத்தைக் கொண்டு வந்துச்சுன்னு நான் சொல்ல வரல, ஒரே நகராட்சியா இருந்திருந்தாலும் சோவே கரை உடைஞ்சிருக்கும். நான் சொல்றது, ஊருக்கு மேல இருக்கற கரையைப் பத்தி ஜெஃபர்சன் பாரிஷோட பேச, பின்பக்கத்துல ஒரு காப்புக் கரை போட, வடிகாலுக்குக் காசு ஒதுக்க, 13 வருஷமா அந்த ஊருக்கு ஒரே வாய் இல்ல, ஒரே பை இல்ல. பிரிச்சவங்க சொன்ன காரணம் வரிப்பணத்துல அநியாயம், அது உண்மை. ஆனா மொழி கூட சேர்ந்ததால அந்த அநியாயத்தைப் பேசித் தீக்கறதைவிட வெட்டிக்கிட்டுப் போறது சுலபமாத் தெரிஞ்சுச்சு, எதிர்ல உக்காந்திருக்கறவன் நம்ம ஆளு இல்லன்ற நினைப்பு முதல்லயே இருந்ததால.

1852-ல மூணையும் திரும்பச் சேத்தாங்க. அதுவும் ஒத்துமையால வந்ததுன்னு சொல்ல முடியாது. மேல்பக்கத்துல லஃபாயட்ன்ற ஊரையும் சேர்த்துக்கிட்டா ஜெர்மன், ஐரிஷ் ஓட்டோட இங்கிலீஷ் பக்கம் பெரும்பான்மை ஆயிடும்னு கணக்குப் போட்டு, அதுக்கப்புறம்தான் சேத்தாங்க. நகராட்சி ஆபீஸ் குவார்ட்டர்ல இருந்து ரெண்டாவது நகராட்சி கட்டிக்கிட்டிருந்த காலியர் ஹாலுக்குப் போயிருச்சு. நான் வேலை விஷயமா அந்த ஊர்ல இருந்த காலத்துல மதிய நேரம் அந்தப் பக்கம் நடந்து போவேன், வெள்ளைத் தூணுங்களோட கோயில் மாதிரி நிக்கும், மூணுல ஒரு துண்டுக்குன்னு கட்ட ஆரம்பிச்ச கட்டடம் இவ்வளவு பெருசா இருந்தா பின்பக்கத்து வடிகாலுக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்னு ஒவ்வொரு தடவையும் தோணும்.

சேந்த பிறகு 1850-கள் கடைசில வடிகால் வட்டாரம் வகுத்து, நீராவியில சுத்துற பெரிய சக்கரங்களை வச்சுத் தண்ணியை ஏரிப் பக்கம் தள்ளப் பாத்தாங்க, உள்நாட்டுப் போர் வந்து அதையும் கெடுத்துச்சு. உருப்படியா ஒரு திட்டம் வர 1890-கள் ஆச்சு, முதல் தடவையா ஊர் முழுக்க மேடு பள்ளம் அளந்து மேப் போட்டு 1896-ல வடிகால் கமிஷன், 1899-ல கழிவுநீர், குடிநீர் வாரியம், 1913-ல ஆல்பர்ட் பால்ட்வின் வுட்டோட பிரம்மாண்ட திருகு பம்ப். 1899-ல அதுக்கான வரிக்கு நடந்த ஓட்டெடுப்புல சொத்துள்ள பெண்களும் ஓட்டுப் போட்டாங்க. அந்த உரிமையைக் கொடுத்த அதே 1898 அரசியல் சட்டம்தான் கறுப்பு மக்களோட ஓட்டைப் பறிச்சுச்சு. பம்ப் எந்தப் பேட்டைக்கு முதல்ல போகணும்னு கேக்கற உரிமை யாருக்கு இருந்துச்சு, யாருக்கு இல்லன்னு இதுலயே தெரியுது.

கடைசியா 1927. இதைச் சொல்லாம விட்டா மனசு ஆறாது. மிசிசிப்பி பள்ளத்தாக்கு பூரா வெள்ளம், ஏப்ரல் 15 புனித வெள்ளியன்னைக்கு நியூ ஆர்லியன்ஸ்ல 14 அங்குலத்துக்கும் மேல மழை கொட்டி, கரண்ட் போய் பம்ப் நின்னு, ஊரே பீதியில இருந்துச்சு. பேங்க்காரங்க கூடிப் பேசி, ஊருக்குக் கீழ சுமார் 13 மைல்ல கார்னார்வன்ல கரையை டைனமைட் வச்சு உடைச்சுட்டா ஆத்து மட்டம் இறங்கும்னு முடிவு பண்ணாங்க. கவர்னர் சிம்ப்சன் கையெழுத்துப் போட்டார். ஏப்ரல் 29-ல வெடிச்சாங்க. தண்ணி போன இடம் செயின்ட் பெர்னார்ட், பிளாக்கமின்ஸ் பாரிஷ்கள். அங்க இருந்தவங்கள்ல ஒரு பெரிய கூட்டம் இஸ்லென்யோக்கள், 1778-ல இருந்து கேனரி தீவுகள்ல இருந்து வந்து, ஒன்றரை நூற்றாண்டா வீட்டுல ஸ்பானிஷ் பேசிக்கிட்டு, சதுப்புல மஸ்க்ரட்ன்ற நீர் எலி பிடிச்சு, இறால் பிடிச்சு வாழ்ந்தவங்க. 1921 அரசியல் சட்டம் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் மட்டும்தான்னு சொல்லி, வீட்டு மொழி பேசற பிள்ளைங்களுக்கு அடி விழுந்துக்கிட்டிருந்த காலம் அது. சுமார் 10,000 பேரை வீட்டை விட்டுக் கிளப்புனாங்க. முழு நஷ்ட ஈடு தர்றோம்னு ஊர்ப் பெரிய மனுஷங்க எழுதிக் கொடுத்தாங்க, கடைசில கேட்டதுல சின்னப் பங்குதான் வந்துச்சு, பல பேருக்கு ஒண்ணுமே வரல. மேல பல இடத்துல கரை தானா உடைஞ்சு ஆறு இறங்குனதால அந்த வெடியே தேவையில்லாமப் போச்சு.

அந்த பேங்க்காரங்களுக்குத் தலைமையா நின்னவர் ஜேம்ஸ் பியர்ஸ் பட்லர். அவர் தலைவரா இருந்த கனால் பேங்க், நியூ பேசின் கால்வாய் வெட்டறதுக்காக 1831-ல ஆரம்பிச்ச அதே பேங்க். இதை முதல் தடவை படிச்சப்ப புத்தகத்தை மூடி வச்சுட்டேன், அன்னைக்கு அதுக்கு மேல படிக்க முடியல.

பிரெஞ்சு போயிருச்சு, ஸ்பானிஷும் பெரியவங்க சில பேர் நாக்குல மட்டும்தான். பிரிவினை மட்டும் பாரிஷ் எல்லையா, கரை வாரியமா உருமாறி நின்னுச்சு. நான் குடியிருந்தது மெட்டெரி, 17-வது தெருக் கால்வாய்க்கு ஜெஃபர்சன் பக்கம். எதிர்க்கரை ஆர்லியன்ஸ் பாரிஷ். ஒரே கால்வாய், ரெண்டு கரைக்கு ரெண்டு வாரியம், ஆர்லியன்ஸ் வாரியத்துக்கு கரையோட சேத்து விமான நிலையம், படகுத்துறைன்னு வேற தொழிலெல்லாம் இருந்துச்சு. 2005-ல கிழக்குச் சுவர் உடைஞ்சு லேக்வியூ மூழ்கினப்ப மேற்குச் சுவர் நின்னுச்சு. அடுத்த வருஷம் மக்கள் ஓட்டுப் போட்டு வாரியங்களைச் சேத்தாங்க, அதுவும் ஒண்ணா ஆகல, ஆத்துக்குக் கிழக்க ஒண்ணு, மேற்க ஒண்ணு. ஊருக்குள்ள பெய்யற மழை இன்னும் தனிக் கணக்கு. 2017 ஆகஸ்ட் 5-ல கரை எதுவும் உடையாம வெறும் மழையில மிட்-சிட்டியும் ட்ரெமேயும் மூழ்குச்சு, பம்ப்புல பலது ரிப்பேர்ல கிடந்துச்சு. அப்போ இருந்த ஏற்பாட்டுப்படி 36 அங்குலத்துக்குக் குறைஞ்ச குழாய் நகராட்சி பொதுப்பணித் துறையோடது, அதுக்கு மேல இருக்கற குழாயும் பம்ப்பும் கழிவுநீர் வாரியத்தோடது, ஏரியோரக் கதவுங்க ராணுவ இன்ஜினியர்களோடது.